அத்தையின் மில்லிங் மெஷின்

எங்கள் முடிச்சூர் வீட்டின் கார் ஷெட்டில் கார் நின்றதே இல்லை. அத்தையின் மில்லிங் மெஷின்தான் நின்றது. அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, கல்யாணத்துக்கு முன் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்தவள். அங்கே கழித்துக்கட்டிய, இரும்பைச் செதுக்கிச் சாமான் செய்கிற இந்தப் பழைய மெஷினைக் காயலான் கடைக்குப் போகவிடாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஊர்ப் பெண்கள் கல்யாணத்துக்குத் தங்கம் சேர்த்தால் இவள் இரும்பு சேர்க்கிறாள் என்று அம்மா கேலி செய்வாள். கல்யாணமாகி நாவலூருக்குப் போனபோது மெஷின் கூடப் போகவில்லை. நாலாவது மாடி ஃப்ளாட்டில் அதை எங்கே வைப்பது?

அந்த வருஷம்தான் வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் மெஷின் முழுக்கச் சேறும் துருவும். அத்தையின் கணவர் நியாயமான மனிதர். இப்படியே தள்ளிவிடுவதைவிட, சரி பண்ணி நல்ல விலைக்கு விற்கலாம் என்றார். வேலை முடிகிற வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை எங்கள் வீட்டுக்கு வரலாம் என்று ஏற்பாடானது. மற்றபடி மருமகள் பிறந்த வீட்டுக்கு அடிக்கடி போவது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை.

அத்தை காலையிலேயே வந்துவிடுவாள். அப்பாவின் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, மண்ணெண்ணெயும் பனியன் வேஸ்ட்டுமாக உட்கார்ந்து துருவைத் தேய்ப்பாள். மத்தியானம் அம்மா வைத்த மீன் குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வெறும் தரையில் படுத்துத் தூங்குவாள். "அங்க எல்லாரும் நல்லவங்கதான் அண்ணி" என்பாள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சாயங்காலம் போன் வந்ததும் துணி சோப்பைப் போட்டுக் கையைப் பரபரவென்று தேய்த்துக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

மெஷின் ஒருநாள் ஓடத் தொடங்கியது. முடிந்தது என்று நான் குதித்தேன். முடியவில்லையாம். வெள்ளத்தில் போன சாமான்களையெல்லாம் புதிதாகச் செய்ய வேண்டுமாம். இரும்பை அசையாமல் பிடிக்கக் கிளாம்ப் வேண்டும். கிளாம்ப்பை இறுக்க, மெஷின் மேஜையில் நீளப் பள்ளமாக வெட்டியிருக்கும் காடிகளுக்குள் நழுவிப் போகிற நட்டுகள் வேண்டும். அதைச் செய்வதற்கு வேறு ஏதோ வேண்டும். தண்ணீர் கேன் போடுகிற அண்ணன் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இந்த மெசினு தனக்கே சாமான் செஞ்சுகினு கீது? ஊருக்கு ஒண்ணும் செய்யாதா?" என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். எல்லாம் முடிந்ததும் எனக்குப் பித்தளையில் தாயக்கட்டை செய்து தருவதாக அத்தை சொல்லியிருந்தாள். நான் அப்பாவைப் பிடுங்கி எடுத்தேன்.

அப்பா ஆபீஸ்காரர். எந்த வேலையும் இழுத்துக்கொண்டே போனால் அவருக்குப் பொறுக்காது. அத்தை செய்து வைத்திருந்த ஒரு நட்டை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு பெருங்களத்தூரில் ஒரு பட்டறைக்குப் போனார். அடுத்த ஞாயிறு அத்தை வந்தபோது நட்டு, கிளாம்ப் எல்லாம் செட்டாக, பளபளவென்று மெஷின் மேல் காத்திருந்தன.

"இனிமே நீ வாராவாரம் அலைய வேணாம்மா. மாப்பிள்ளைகிட்ட சொல்லிடு, விலை பேசிடலாம்" என்றார் அப்பா. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அத்தை, "சூப்பர் அண்ணா" என்றாள். எண்ணெயே படாத கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

அம்மா கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தாள். அத்தையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு நட்டை எடுத்துக் காடியில் விட்டுத் தள்ளினாள். மிக்ஸி நின்றுபோனால்கூட அப்பாவைக் கூப்பிடுகிறவள்.

"என்னங்க இது, லொடலொடன்னு ஆடுது!"

"உனக்கு என்னடி தெரியும்?"

"ஆடுறது தெரியாதா? காசைக் குடுத்துட்டு வந்திருக்கீங்க பாருங்க. எல்லாத்தையும் திரும்பத்தான் செய்யணும்."

அத்தை நட்டைத் தள்ளிப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "ஆமா அண்ணி, ஆடுது" என்றவள் சட்டென்று அழுதுவிட்டாள்.

"இன்னும் எத்தனை வாரம் ஆகும்?" என்று அம்மா கேட்டாள்.

"நிறைய ஆகும் அண்ணி."

"ஆகட்டும். மெதுவா பண்ணு."

அப்பா செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அம்மாவும் அத்தையும் சாப்பிடப் போன பிறகு, ஒவ்வொரு நட்டாகக் காடியில் விட்டுத் தள்ளிப் பார்த்தேன். ஒன்றுகூட ஆடவில்லை. அம்மாவை விடுங்கள், அத்தைக்கே இந்த வேலை சரியாகத் தெரியவில்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.