வீட்டுக்கு ஒன்றாகப் போன கப்பல் சாமான்கள்

ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஆபீசர் என்றால் கஸ்டம்ஸ்காரர்தான். ரேஷன் ஆபீசர், கல்வி ஆபீசர் என்று வேறு வகைகள் உண்டு என்பதே நான் படித்துத் தெரிந்துகொண்டது. நைனாவும் அம்மாவும் கைநாட்டு. வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பிளஸ் டூ முடித்து, அஞ்சல் வழியில் வரலாறு படித்து, கடற்கரை ஸ்டேஷன் பக்கம், துறைமுகச் சரக்குக்குத் தீர்வை கட்டி எடுத்துத் தரும் ஒரு கிளியரிங் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பில் அடிக்கும் வேலைக்குப் போனேன். இதைச் சொல்லும்போது இப்போதும் என் முதுகு கொஞ்சம் நிமிர்கிறது. நிமிரட்டும்.

இணையத்தில் பொருளை ஏலம் விடலாம் என்று அங்கேதான் தெரிந்தது. பெங்களூரிலும் பம்பாயிலும் இருப்பவர்கள் கப்பலின் பழைய பித்தளை விளக்கை வாங்கி வரவேற்பறையில் தொங்கவிட ஆசைப்பட்டார்கள். எங்கள் பக்கத்துக் காயலான் கடைகளில் அவை எடைக்குக் கிடந்தன. பழுதுபார்க்க வரும் கப்பல்களில் கழற்றிப் போட்டதைக் கடைக்காரர்கள் முறையாக ஏலத்தில் எடுத்துவந்து குவித்திருப்பார்கள். விளக்கு, கடிகாரம், திசைகாட்டி, வட்ட ஜன்னல் சட்டம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பொறுக்கி வருவேன். அம்மா புளி போட்டுத் தேய்த்துத் தருவாள். ஸ்டூடியோவில் படம் எடுத்து, சிடியில் வாங்கி, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஏற்றுவேன். பணம் வங்கிக் கணக்குக்கு வந்ததும் சாக்கில் வைக்கோல் வைத்துத் தைத்து பார்சல் அனுப்புவேன்.

அந்தப் பணத்தை நான் தொடவில்லை. திருவொற்றியூரில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். இரண்டு அறை, உள்ளேயே குழாய், உள்ளேயே கக்கூஸ். அம்மாவுக்கு முழங்கால் வீங்கிப் போயிருந்தது. பொதுக் கக்கூஸ் வரிசையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் நான் இஸ்திரி போட்ட சுடிதாரில் ஆபீசுக்குப் போனேன். வீட்டு அட்வான்சுக்குத் தேவையான தொகை கணக்கில் ஏறக்குறைய சேர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் ஆடி முடிந்ததும் வரச் சொல்லியிருந்தார்.

ஜூலை மாதம் ஆபீஸ் அக்கவுண்டன்ட் எல்லோருக்கும் வரிப் படிவம் கொடுத்தார். "சம்பளத்துக்கு நாங்க பிடிச்சு கட்டிட்டோம். வெளியில வேற வருமானம் இருக்கிறவங்க அதையும் காட்டணும், பாத்துக்குங்க" என்றார். பொதுவாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் காது சுட்டது.

எவ்வளவு வருகிறது என்று அவரிடம் சொல்ல மனமில்லை. சாயங்காலத்துக்குள் ஆபீஸ் முழுக்கப் பரவிவிடும். நானே கணக்குப் போட்டேன். எங்கள் முதலாளி போனில் யாரிடமாவது "முப்பது சதவீதம் கவர்மெண்டுக்கே போயிடுது" என்று புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். அந்த முப்பதை எடுத்து, கணக்கில் வந்த மொத்தப் பணத்தின் மேல் போட்டேன். திருவொற்றியூர் வீடு கையை விட்டுப் போயிருந்தது.

காட்டாமல் விட்டிருக்கலாம். என்னைப்போல விற்ற பலர் விட்டார்கள். ஆனால் பகல் முழுக்க அடுத்தவர்களின் சரக்குக்கு ஒரு ரூபாய் பிசகாமல் தீர்வைப் பில் அடிப்பவள் நான். என் குடும்பத்தில் முதல்முதலாகக் கையெழுத்துப் போடப்போகிற வரித்தாள் அது. அதில் பொய்யை எழுதி அடியில் என் பெயரைப் போட எனக்குக் கை வரவில்லை.

வீட்டில் சொன்னேன். "நாளைக்கு லீவு போட்டுக்கினு நுங்கம்பாக்கம் போறேன் நைனா. இன்கம்டாக்ஸ் ஆபீசு."

நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்தார். "இன்னாத்துக்கு?"

"கப்பல் சாமான் வித்தோம்ல. அதுக்கு வரி கட்டணும்."

"அவன் கேட்டானா உன்ன?"

"கேக்கல."

"கேக்காமயே போய் நான்தான்னு கை தூக்குவியா? படிச்சவதானே நீ?" என்றவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கோ. உன் பொண்ணு ஆபீசரைக் கைய புட்ச்சி வூட்டுக்கு இட்டாரப் போறா."

"நைனா, அது கஸ்டம்ஸ் இல்ல. வேற ஆபீசு."

"எல்லாம் ஒரே சட்டைதாம்மா."

நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வாலிபத்தில், கப்பல் சமையல்காரர் ஒருவர் ஆசையாகக் கொடுத்த வாசனை சோப்பைச் சோற்றுத் தூக்குக்குள் வைத்துக்கொண்டு துறைமுக கேட்டுக்கு வந்திருக்கிறார். கஸ்டம்ஸ்காரர்கள் பிடித்துவிட்டார்கள். எல்லோர் முன்னாலும் சட்டையைக் கழற்றச் சொன்னார்களாம். ஒரு மாதம் வேலை இல்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை கேட்டில் காவலாளி பார்க்கும் முன்பே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டுதான் வெளியே வருவார். எனக்கு இந்தக் கதை தெரியும். ஆனாலும் அன்று அவர் முகத்தில் இருந்த பயத்தை நான் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் நுங்கம்பாக்கத்தில் படிவம் வாங்கத் தனியாகக் கவுண்டர்கள் போட்டிருந்தார்கள். விவரம் கேட்க ஒரு மேசை. அங்கே தலை நரைத்த அதிகாரி ஒருவர் இருந்தார். உட்காரச் சொன்னார். எனக்கு அதுவே ஆச்சரியம்.

"என்னம்மா விக்கிறீங்க?"

"கப்பல் கடிகாரம், விளக்கு. இன்டர்நெட்ல."

"இதையெல்லாம் காசு குடுத்து வாங்குறாங்களா?"

"வாங்குறாங்க சார்."

பக்கத்து மேசைக்காரரிடம் திரும்பி, "கேட்டீங்களா, நம்ம ரெக்கார்டு ரூம்ல கிடக்கிற கடிகாரத்தை இந்தப் பொண்ணுகிட்ட குடுக்கலாம் போல" என்றார். பிறகு நான் போட்டு வந்த கணக்கைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "இது என்ன, வந்த காசு எல்லாத்துக்கும் வரி போட்டிருக்கீங்க? நீங்க அந்தக் கடிகாரத்தைச் சும்மாவா வாங்கினீங்க?"

"இல்ல சார், எடைக்கு."

"அதைக் கழிங்க. பார்சல் செலவு?"

"இருக்கு. ரசீது இருக்கு."

"கழிங்க. இன்டர்நெட் கடைக்குக் கொடுத்தது, படம் எடுத்தது, சாக்கு, கயிறு. மிச்சம் நிக்கிறதுதான் லாபம். லாபத்துக்குத்தாம்மா வரி. காயலான் கடையில பில் தரமாட்டான், தெரியும். இனிமே ஒரு துண்டுச் சீட்டுலயாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்க." முப்பது சதவீதத்தைப் பேனாவால் அடித்தார். "இதை யார் சொன்னது?"

"எங்க முதலாளி."

"முதலாளி சம்பாதிக்கிற அளவு நீங்க சம்பாதிச்சா வாங்க, போட்டுத் தரேன். பொம்பளைங்களுக்கு வரி விலக்கு வரம்பும் இப்ப ஆம்பளைங்களைவிடக் கூட."

கடைசியில் அவர் வட்டம் போட்டுக் காட்டிய தொகையை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு நல்ல விளக்கு விற்றால் வரும் காசுதான் அது. அங்கேயே அழுதிருப்பேன், வரிசையில் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். வங்கியில் சலான் கட்டி, படிவத்தைக் கொடுத்து, முத்திரை விழுந்த நகலை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் முதலில் ஒரு கரும்புச்சாறு குடித்தேன். கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி வீடுவரைக்கும் நடந்தேன். துறைமுகத்து லாரிகள் புழுதியை வாரி இறைத்தன. அதுகூட அன்று தொந்தரவாகத் தெரியவில்லை.

தெரு முனையிலேயே நைனா நின்றிருந்தார். என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தார்.

"எத்தினி பேரு வர்றாங்க?"

"யாரும் வரல நைனா."

"ஜீப்பு?"

"நான் நடந்து வந்தேன்."

வீட்டுக்குள் போய், கப்பல் சாமான்களை வைத்திருந்த பரணைப் பார்த்தேன். சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது. ஒரு திருகாணி கூட இல்லை. மூலையில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "உங்க நைனாதான்" என்றாள். "தெருவே சேந்துச்சு."

எங்கள் தெருவின் பழைய வழக்கம் அது. கஸ்டம்ஸ் வண்டி வருகிறது என்று தெரிந்தால், யார் வீட்டில் வெளிநாட்டுச் சாமான் இருக்கிறதோ அதை வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரே வீட்டில் பத்து டிரான்சிஸ்டர் இருந்தால்தான் குற்றம். பத்து வீட்டில் ஒவ்வொன்று இருந்தால் அது வீட்டுச் சாமான். கூப்பிடவே வேண்டாம், தெரு தானாக வந்து வாங்கிக்கொள்ளும். நான் பிறந்த பிறகு அது நடந்ததே இல்லை. எனக்காக, வருமான வரிக்காக, ஒருமுறை நடந்திருக்கிறது.

முத்திரைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நைனா கூட வந்தார். எதிர்வீட்டு மீன்காரக்கா கூடையைக் கவிழ்த்து, அடியிலிருந்து, பம்பாய்க்காரர் ஒருவர் ஏற்கெனவே பணம் கட்டியிருந்த கடிகாரத்தை எடுத்தாள். வஞ்சிர வாடை குப்பென்று அடித்தது.

"இன்னாமே, மெய்யாலுமே வரலியா? நான் கவுச்சி மேல கவுச்சியா போட்டு வெச்சேன். மோப்பம் புடிச்சாலும் கிட்ட வர மாட்டான்னு."

"வரமாட்டாங்கக்கா. வரி கட்டியாச்சு. இதோ ரசீது."

அவள் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்து முத்திரையைப் பார்த்தாள். "கவர்மெண்டுக்கு நீ துட்டு குட்த்தியா? நமக்குதான் அவன் குடுப்பான், அதுவும் எலெக்சனுக்கு எலெக்சன். எவ்ளோ?"

தொகையைச் சொன்னேன்.

"த்தூ, இவ்ளோதானா! இதுக்கா உங்க நைனா காத்தாலருந்து தண்ணி குடிக்காம நின்னுக்கினு இருந்தாரு?"

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரிடம் இன்னும் தொகையைச் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "அப்போ வூடு?" என்றார்.

"வூடு அப்டியே கீது நைனா. கைவுட்டுப் போவல."

அவர் மீன்காரக்கா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆவணியில் திருவொற்றியூருக்குக் குடிபோனோம். முதல் நாள் அம்மா குழாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். வாடை போக எலுமிச்சையும் சோடாவுமாகத் தேய்த்து அனுப்பிய கடிகாரத்தைப் பற்றி பம்பாய்க்காரர், கடலின் மணம் இன்னும் இருக்கிறது என்று மகிழ்ச்சியாக எழுதியிருந்தார்.

அடுத்த ஜூலையில் நைனா தானும் வருவதாகச் சொன்னார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். படிவத்தில் திருவொற்றியூர் விலாசத்தை எழுதிவிட்டேனா என்று ரயிலில் கேட்டுக்கொண்டே வந்தார். அலுவலக வாசலில் காவலாளி என் பையைப் பார்ப்பதற்காக எங்களை நிறுத்தினார். நைனாவின் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போய்விட்டன.

"பெரியவரே, கைய இறக்குங்க. எதுக்கு வந்தீங்க?"

நைனா கைகளை மெதுவாக இறக்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வரி கட்ட வந்துகீறோம்" என்றார், உள்ளே இருந்த வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி.