கமா அக்காவின் ஃபான்ட் மூட்டை

எங்கள் அச்சகத்தில் என் அக்காவுக்குப் பெயர் 'கமா'. ஒரு கமா விடுபட்டாலும் பக்கத்தை அச்சுக்கு விடமாட்டாள். பக்கம் அமைப்பது அவள். அச்சாகி வந்ததைத் தைத்து அட்டை ஒட்டுவது நான். கூடப்பிறந்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை, அவளைப் போல ஒரு அழுத்தக்காரியை நான் பார்த்ததே இல்லை.

அவளுடைய கம்ப்யூட்டர் பழசு. அதிலிருந்த பழைய சாஃப்ட்வேர் கைவிட்டபோது காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸை அவளே போட்டு ஓடவைத்தாள். கொஞ்ச காலமாக அதற்கு என்னவோ ஆகிவிட்டது. பக்கம் அமைக்கும் சாஃப்ட்வேரைத் திறக்கச் சொல்லிவிட்டு, வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

"ஓசியில வந்தது இப்படித்தான்க்கா இருக்கும்" என்றார் சின்ன முதலாளி. தன் அப்பாவின் நாற்காலியில் புதிதாக உட்கார்ந்தவர். "இதைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம். வேலையை வெளிய குடுத்துக்கலாம். உங்களுக்கும் ரெஸ்ட் கெடைச்ச மாதிரி இருக்கும்."

ரெஸ்டாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை விட்டுப் போ என்பதை எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறார் பாருங்கள். அக்கா அசையவில்லை.

"மிஷின் மேல தப்பில்ல. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் விடுங்க."

மறுநாள் காலையில் நானும் கூடவே நின்றேன். மெமரியைப் பார்த்தாள்; தாராளமாக இடம் இருந்தது. ஹார்ட் டிஸ்க்கிலும் கோளாறு இல்லை. பிறகு அதே கம்ப்யூட்டரில் வேறொரு பெயரில் புது அக்கவுன்ட் தொடங்கி, அதே சாஃப்ட்வேரைத் திறந்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது.

"பாத்தியாடா? மிஷினும் நல்லாருக்கு, சாஃப்ட்வேரும் நல்லாருக்கு. என் அக்கவுன்ட்டுக்குள்ளதான் ஏதோ உக்காந்திருக்கு."

உட்கார்ந்திருந்தவை ஃபான்ட்டுகள். வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த எழுத்தோடு வருவார். திரும்ப வந்து கேட்டால் என்ன செய்வது என்று அக்கா ஒன்றைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை. ஒரே எழுத்து பத்துப் பெயரில் கிடந்தது. கடையை மூடிவிட்டுப் போனவர்களுடையதும் பத்திரமாக இருந்தது. அத்தனையையும் படித்து முடித்த பிறகுதான் அந்தப் பாவப்பட்ட சாஃப்ட்வேர் திறந்திருக்கிறது. நான் சிரித்தேன், அவள் முறைத்தாள். வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பென் டிரைவுக்கு மாற்றினாள். அப்போதும் அழிக்க மனசு வரவில்லை.

மத்தியானம் சின்ன முதலாளி பழைய இரும்புக்காரரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா அவர் கண்ணெதிரிலேயே சாஃப்ட்வேரைத் திறந்தாள். பட்டென்று திறந்தது.

"என்னக்கா பண்ணீங்க?"

"நான் சேத்து வச்ச மூட்டைதான் அடைச்சிருந்துச்சு. தப்பு என்னோடது. சரி பண்ணிட்டேன்."

"அது சரிக்கா... இருந்தாலும் பழைய மிஷினு..." என்று இழுத்தார்.

அக்கா நாற்காலியைத் திருப்பினாள். "தம்பி, என்னை அனுப்பணும்னா என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. மிஷினைச் சாக்கு வைக்காதீங்க."

அவர் திரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. இரும்புக்காரர் கோணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப நான் கெளம்பட்டுங்களா?" என்றார்.

"கெளம்புங்க" என்றார் சின்ன முதலாளி. குரல் இறங்கியிருந்தது.

அக்கா அதற்குள் திரைப் பக்கம் திரும்பிவிட்டாள். "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க. இந்த வரியில ஒரு கமா விட்டுப்போச்சு."