இரண்டு சீட் வந்த வீடுகள்

உயிரியல் டியூஷன் எடுக்கிறவளுக்குப் பாடம் நுழைவுத் தேர்வோடு முடிந்துவிடும். பயம் ரிசல்ட்டுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

கொல்கத்தாவில், கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸ். என் கணவருக்கு ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை. தொண்ணூறுகளின் ஆரம்பத்திலிருந்து எங்கள் முன்னறையில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துவந்தேன். சீட் கிடைக்காத பிள்ளை வந்தால் சமாளித்துவிடுவேன். அழ விட்டு, டீ கொடுத்து, அடுத்த வருஷத்துக்குப் புத்தகத்தைத் திற என்று சொல்லிவிடலாம். இரண்டு இடத்தில் சீட் கிடைத்த பிள்ளை அப்பா அம்மாவோடு படியேறி வந்தால்தான் உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருக்கும். பிள்ளையை மருத்துவத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு வார்த்தை

ராமநாதன் கிடர்பூர் துறைமுகத்தில் சூப்பர்வைசர். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் மகள் சுமதி என் முதல் செட் மாணவி. அவளுக்குக் கொல்கத்தாவில் ஒரு சீட், அகில இந்திய ஒதுக்கீட்டில் மகாராஷ்டிரத்தில் ஒரு சீட். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ராமநாதன் இரண்டு கடிதங்களையும் மேஜைமேல் வைத்தார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடச் சரியாகப் பார்க்காமல், "கொல்கத்தாவே இருக்கட்டுமே, வீட்டிலேர்ந்து போய் வரலாம்லா" என்றேன். பஸ்ஸில் வருகிறவரிடம் ஜன்னலோரம் உட்காருங்கள் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மாலை மறுபடி வந்தார், கையில் தபாலாபீஸ் ரசீது. மகாராஷ்டிரத்துச் சீட் வேண்டாம் என்று பதிவுத் தபாலில் எழுதிப் போட்டுவிட்டாராம். அந்தக் கல்லூரி எப்படி, இந்தக் கல்லூரி எப்படி என்று நான் யாரிடமும் ஒரு வார்த்தை விசாரித்திருக்கவில்லை. "அண்ணாச்சி, இன்னும் நாலு பேர்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றேன். அவர் நிம்மதியாகச் சிரித்தார்.

"நாலு பேர்கிட்ட கேட்டா, தப்பாப் போச்சுன்னா யார்கிட்ட வந்து நிக்கதுன்னு தெரியாது டீச்சர். இப்ப தெரியும்."

மீன் கடைக்குப் பின்னால்

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் ராமநாதன் கண்ணில் படாமலேயே திரிந்தேன். கோவிலுக்கு வியாழக்கிழமை போகிறவள் திங்களுக்கு மாற்றிக்கொண்டேன். துர்கா பூஜைக்கு முந்தின வாரம் கிடர்பூர் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போது அவர் எதிரே வருவது தெரிந்தது. அந்தப் பக்கமே போகாதவள், மீன் கடைகளுக்கு நடுவில் புகுந்துவிட்டேன். பெரிய அரிவாள்மணையில் கட்லா மீனை நறுக்கிக்கொண்டிருந்தவர், "எத்தனை கிலோ, தீதி?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டார். காய்கறிப் பையைத் தூக்கிக் காட்டும்போதே ராமநாதன் என் பின்னால் வந்து நின்றார்.

சுமதிக்கு உடற்கூறு வகுப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆரம்பித்தார். முதல் நாள் அந்தப் பிணவாடையிலேயே மயங்கி விழுந்தாளாம். இரண்டாவது நாளும் அப்படியே. இரண்டு நாளும் சாப்பாட்டையே தொடவில்லை, இந்தப் படிப்பே வேண்டாம் என்று அம்மா மடியில் படுத்து அழுதிருக்கிறாள். நான் கையில் காய்கறிப் பையோடு, மீன் தண்ணீர் செருப்பை நனைக்க, நின்றுகொண்டே இருந்தேன். பெரிய திட்டாக வரப்போகிறது, வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று மனதைத் தயார் செய்துகொண்டேன். அவர் குரலில் பெருமைதான் இருந்தது.

"மூணாவது நாள் விழலையாம் டீச்சர், பக்கத்துல இருந்த ஸ்டூல்ல உக்காந்துட்டாளாம்!"

அலிப்பூரில் இரண்டு நிமிஷம்

மௌசுமி கோஷ் என்னிடம் இரண்டு வருஷம் படித்தாள். ஆஸ்துமாக்காரப் பெண். கேள்விக்குப் பதில் தெரிந்தால்கூட நோட்டில் எழுதிக் காட்டுவாளே தவிர வாயைத் திறக்கமாட்டாள். அவள் அப்பா கோஷ் பாபு கிடர்பூரில் மருந்துக் கடை வைத்திருந்தார். அலிப்பூரில் ஒரு மண்டபத்தில் கவுன்சலிங். நீங்களும் கூட வந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும் என்று கோஷ் பாபு கெஞ்சியதால் போனேன். அவர் தைரியத்துக்கு என்னைக் கூட்டிப் போனார். என் தைரியத்துக்கு ஆள் இல்லை.

மேடையில் கரும்பலகை. ஒவ்வொரு கல்லூரிப் பெயருக்கும் எதிரே மிச்சமுள்ள இடங்கள். ஒரு பிள்ளை மேஜைக்குப் போய்த் திரும்பினால் ஒரு எண்ணை அழித்துக் குறைத்து எழுதுவார்கள். அந்த சாக்பீஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் மண்டபத்தில் யாராவது "ஐயோ" என்பார்கள். மௌசுமியின் முறை வருவதற்குள் கொல்கத்தாவில் எம்.பி.பி.எஸ். தீர்ந்துவிட்டது. கொல்கத்தாவில் பல் மருத்துவம், அல்லது வடக்கே மலையடிவாரத்தில் எம்.பி.பி.எஸ். ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். முடிவு சொல்ல இரண்டு நிமிஷம்.

கோஷ் பாபு உடனே, "டென்டல், சார். கொல்கத்தா" என்றார். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "உங்களுக்கு இங்கே ரேங்க் இல்லை, ஐயா. பெண் சொல்லட்டும்" என்றார். மௌசுமியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பின்னால் அடுத்த ரேங்க்காரர் குடும்பத்தோடு மூச்சுவிடுவது என் கழுத்தில் படுகிறது. ஒரு நிமிஷம் போய்விட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கரும்பலகையைப் பார்த்தேன். கடைசியில் அவள் அதிகாரியின் மேஜையிலிருந்த காகிதத்தை இழுத்து, அதில் வடக்குக் கல்லூரியின் பெயர்மேல் விரலை வைத்தாள். "சொல்லவும் வேண்டும்" என்றார் அதிகாரி. சொன்னாள். இரண்டு வருஷத்தில் அவள் குரலை நான் அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

வெளியே டிராம் ஸ்டாப் வரைக்கும் கோஷ் பாபு முன்னால் நடந்தார். ஒரு டிராமை விட்டார், இன்னொன்றையும் விட்டார். பெண் தள்ளி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாக மருந்து விற்கிற மனிதர் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"தீதி, அந்த ஊரில் இன்ஹேலர் கிடைக்குமா?"

அசல் சான்றிதழ்கள்

இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்தப் பயம் என் வீட்டுக்கே வந்தது. என் மகள் கல்யாணிக்குக் கொல்கத்தாவில் சீட் கிடைத்து, அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் ஒப்படைத்து, இரண்டு வாரம் வகுப்புக்கும் போய்விட்டாள். அப்போது தமிழ்நாட்டிலிருந்து கடிதம். காத்திருப்போர் பட்டியலில் இருந்தவளுக்குத் தெற்கே ஒரு கல்லூரியில் இடம். நாலு நாளில் அசல்களோடு நேரில் வரவேண்டும். என் கணவருக்கு ஓய்வு பெற மூன்று வருஷம்தான் இருந்தது. அதன் பிறகு குவார்ட்டர்ஸ் கிடையாது. திருநெல்வேலிக்குப் போவதாகத்தான் திட்டம். அவர் சென்னை மெயிலில் இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். கல்யாணி வீட்டில் தமிழ் பேசுவாள். ஆனால் தமிழ்நாட்டில் பஸ் போர்டு படிக்கத் தெரியாது.

கொல்கத்தாக் கல்லூரி அலுவலகத்தில் வயதான ஒரு அம்மாள், அசல்களைத் திருப்பிக் கேட்கும் எங்கள் விண்ணப்பத்தை வாங்கினார். அலமாரியிலிருந்து கல்யாணியின் உறையை எடுத்து மேஜைமேல் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். "இதை வாங்கிவிட்டால் இந்தச் சீட் சாயங்காலம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். திரும்ப வராது. நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்" என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். மூவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"மா, ஊர்ல எல்லாருக்கும் சொல்றே. எனக்குச் சொல்லேன்" என்றாள் கல்யாணி.

"அனுப்பவும் பயமா இருக்கு, வச்சுக்கவும் பயமா இருக்கு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"வயித்துவலின்னு ஒருத்தர் வந்தா எனக்குப் புரியும். எப்படி வலிக்குதுன்னு அவங்க தமிழ்ல சொன்னா, அது எனக்குப் புரியுமா மா?"

என் கணவர் டிக்கெட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மடித்தார், பிரித்தார். "நான் உண்மையச் சொல்லுதேன்" என்றார். "அந்தக் காலேஜ் ஒசத்தியா, இது ஒசத்தியான்னு எனக்குத் தெரியாது. நாங்க ஊருல போய் உக்காந்திருக்கும்போது நீ இங்க தனியா இருப்பியேன்னுதான் எனக்குப் பயம். அது என் பயம். உன் படிப்பு இல்ல."

கல்யாணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அங்கே போனா மூணு வருஷம் தனி. இங்கே இருந்தா பின்னால தனி. எப்படியும் தனிதான், இல்லையாப்பா?" என்றாள். அவர் டிக்கெட்டை மறுபடி மடித்தார். நான் அவள் கையைப் பிடித்தேன். என் கையைவிட அது ஜில்லென்று இருந்தது.

அந்த அம்மாள் திரும்பி வந்ததும் கல்யாணி எழுந்து போய், உறையை அவர் பக்கமே தள்ளினாள். வங்க மொழியில், சித்தி முறை வைத்து, "இருக்கட்டும், மாஷி. நான் இங்கேயே படிக்கிறேன்" என்றாள். மாஷி உறையை அலமாரியில் வைத்து, பூட்டி, பூட்டை இழுத்தும் பார்த்தார். எங்கள் விண்ணப்பத்தைக் கல்யாணியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இதை வீட்டில் போய்க் கிழி மா. இங்கே கிழித்துப் போட்டால் எங்கள் ஆட்கள் எடுத்து ஒட்டி, சீல் வைத்துவிடுவார்கள்."

தொலைபேசியில்

கல்யாணி படித்து முடித்தாள். திருநெல்வேலித் திட்டம் தள்ளித் தள்ளிப் போய், நாங்கள் கொல்கத்தாவிலேயே, பெஹாலாவில் ஒரு வாடகை வீட்டில் தங்கிவிட்டோம். அவள் தனியாக இருக்கவே இல்லை. அவ்வளவு பயந்த விஷயம் நடக்கவே இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட.

போன வாரம் ஒரு தம்பதி இரண்டு கடிதங்களோடு படியேறி வந்தார்கள். இனி நான் ஏன் இதைச் சுமக்க வேண்டும், வீட்டில்தான் டாக்டர் இருக்கிறாளே என்று ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லு, இவர்களிடம் கொடுக்கிறேன் என்றேன். ரிசீவரைக் கொடுக்க நீட்டிய கையை, அவள் குரல் கேட்டு நான் மடக்கிக்கொண்டேன்.

"வேண்டாம் மா, கொடுக்காதே. எனக்கு இன்னும் அந்தச் சென்னை மெயில் கனவுல வருது, ஒவ்வொரு தடவையும் ஏறிடறேன்."

ஆக, ஒரு சீட்டும் கிடைக்காத வீட்டில் அழுகை ஒரு வருஷத்துக்குத்தான், இரண்டு கிடைத்த வீட்டில் பயம் ஆயுள் சந்தா.