நூற்று அறுபது விசிறிகளின் அக்கா

காலை ஏழரைக்கெல்லாம் அக்கா விசிறி மேடையில் ஏறி, கைப்பிடிக் கம்பிகளில் கட்டியிருக்கும் துணிப் பட்டைகளைத் தட்டிவிட்டுக்கொண்டே நடக்கிறார். பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துச் செய்த பட்டைகள் அவை. நைந்துபோனதை அவிழ்த்துவிட்டுத் தோள்பையிலிருந்து வேறொன்றை எடுத்து முடிச்சுப் போடுகிறார். துணி நேராக மேலே பறந்தால் தலையாட்டிவிட்டு நகர்கிறார். சாய்ந்து பறந்தால் நின்று, "உனக்கு இன்னிக்கு என்ன கோபம்?" என்று விசிறியை விசாரிக்கிறார். விசிறி ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அகலம். மொத்தம் நூற்று அறுபது. விசாரித்து முடிக்க ஒன்பதரை ஆகிவிடும்.

வயது ஐம்பத்திரண்டு. சற்றுக் கனத்த உடம்பு, கனத்த குரல். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் விசிறியக்கா. அவருடைய வீட்டுக்காரர் இங்கேயே எலக்ட்ரீஷியன். அக்காவின் கணவர் என்ற ஒரே காரணத்தால் அவர் எல்லோருக்கும் மாமா ஆகிவிட்டார். அவரைவிடப் பத்து வயது மூத்த வாசல் காவலாளியும் மாமா என்றுதான் கூப்பிடுகிறார். மாமாவுக்கு அதில் உள்ளூர வருத்தம்.

நான் கட்டுப்பாட்டு அறையில் திரை பார்ப்பவன். வெயிலைத் திரையில் ஓர் எண்ணாக மட்டும் அறிந்தவன். "ஏசில வளர்ற செடி, வெளிய வெச்சா வாடிடும்" என்று அக்கா என்னை அறிமுகப்படுத்துவார். சொல்லிக்கொள்ளட்டும். அவர் சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை.

எங்கள் தொழிற்சாலையில் எரிவாயுவைக் கடுமையாகக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுகிறோம். வாயுவிலிருந்து பிடுங்கிய சூட்டை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், சுடும். எங்கள் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் அரைக் கிலோமீட்டர் நீளம். அங்கே அலுமினியத் தகடுகள் போர்த்திய குழாய்கள் படுத்திருக்க, கீழிருந்து விசிறிகள் காற்றை மேலே தள்ளிச் சூட்டை வானத்துக்கு அனுப்புகின்றன. வெயில் ஏறினால் வானமே அதை வாங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். உற்பத்தி இறங்கிவிடும். குளிர்காலத்தில் மணிக்கு ஐந்நூறு டன் என்றால், கோடையில் நானூற்றைம்பது. அது எல்லோரும் ஒப்புக்கொண்ட இழப்பு.

இந்தக் கோடையில் அது நானூற்றுப் பத்தில் வந்து நின்றது. கப்பல் வர ஒன்பது நாள். தொட்டி நிறையவில்லை. வந்து இரண்டு மாதமே ஆன மேலாளர், நல்ல மனிதர், கூட்டத்தில் தன் யோசனையைச் சொன்னார்: தகடுகளின் மேல் குழாய் வைத்துத் தண்ணீர் பீய்ச்சலாம், ஒரே மணி நேரத்தில் எண் ஏறிவிடும். ஏறும் என்பது எங்களுக்கும் தெரியும். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

அக்கா எழுந்து நின்றார். "ஏறும் சார். மூணு நாளைக்கு நல்லாத்தான் இருக்கும். அப்புறம் தண்ணி காய்ஞ்சு உப்பு தகட்டுல அப்படியே ஒட்டிக்கும். மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே யோசனையைச் சொன்ன அறிவாளி நான்தான்."

அறை முழுக்கச் சிரிப்பு. ஆனால் அந்தக் கதை சிரிப்புக் கதை இல்லை. சுத்திகரித்த தண்ணீர் பீய்ச்சும் அளவுக்கு இங்கே கிடையாது. இருப்பது கிணற்றுத் தண்ணீர். அன்று அது பூசிய உப்பை எடுக்க அக்காவுக்குப் பதினோரு மாதம் பிடித்தது. தகடு காகிதம் மாதிரி மெல்லியது. முரட்டுத்தனமாகத் தேய்த்தால் மடங்கிவிடும். மெல்லிய தூரிகையை வைத்து வரிசை வரிசையாகத் தேய்த்தார். இன்றைக்கும் வலது கை தோளுக்கு மேல் முழுசாகத் தூக்க வராது. அந்தத் தகடுகளின் மேல் மறுபடியும் அதே தண்ணீரா? அவருக்கு எப்படி இருந்திருக்கும்.

மேலாளர் கொஞ்சம் இறங்கி வந்தார். நாளை மாலை ஐந்து மணிக்குள் எண் நானூற்று நாற்பதைத் தொட்டால் தண்ணீர் வேண்டாம். தொடாவிட்டால் குழாய் மேலே ஏறும். அக்கா சரி என்றார். வெளியே வந்ததும், "அவரு சொல்றதும் நியாயந்தானே, கப்பலை வெச்சுக்கிட்டு அவரு என்ன பண்ணுவாரு" என்று மேலாளருக்கே பரிந்து பேசினார். இந்த அம்மாளை வைத்துக்கொண்டு ஒருவரையும் மனசாரத் திட்ட முடியாது.

மறுநாள் அக்கா சாப்பாட்டுக்குக்கூட இறங்கவில்லை. விசிறிகளை ஓட்டும் ரப்பர் பெல்ட்டுகளின் இறுக்கத்தை அழுத்திப் பார்த்தார். தகடுகளில் சிக்கிய இறகையும் தூசியையும் எடுத்தார். எண் நானூற்றுப் பதினாலு. குழாய்ச் சுருள் மாடிப்படி அடிவாரத்துக்கு வந்துவிட்டது. மாமா என் பக்கத்தில் வந்து நின்று திரையைப் பார்ப்பதும், பெருமூச்சு விடுவதும், போவதுமாக இருந்தார்.

ஒன்றரை மணிக்கு ரேடியோவில் அக்கா கூப்பிட்டார். மேடையின் வடமேற்கு மூலையில், நடைபாதை துருப்பிடித்ததால் குளிர்காலத்திலிருந்து அடைத்து வைத்திருந்த இடத்தை முந்தின நாள்தான் திறந்திருந்தார்கள். அங்கே அவருடைய துணி இன்னும் ஏறவில்லை.

"தம்பி, பதினேழாவது வரிசையில கடைசி நாலும் ஓடுதா?"

ஓடுகிறது, நாலும் பச்சை காட்டுகிறது என்றேன்.

"பச்சை கிடக்கட்டும். எந்தப் பக்கமா சுத்துதுன்னு உன் திரையில காட்டுதா?"

காட்டவில்லை. எங்கள் திரையில் ஓடுவது, நிற்பது என்று இரண்டே செய்திதான்.

"இங்க துணி கீழ இழுக்குது தம்பி. நாலும் தலைகீழா சுத்துதுங்க. மேல போற சூட்டை வாங்கி, கீழ தள்ளி, பக்கத்து விசிறிக்கெல்லாம் பந்தி வைக்குதுங்க. மாமாவை வரச் சொல்லு."

மாமாவின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். அந்த நாலு மோட்டார்களும் குளிர்காலத்தில் பழுது பார்க்கப் போய்த் திரும்பியவை. மாட்டியவர் மாமா. மூன்று ஒயர்களில் இரண்டு இடம் மாறினால் போதும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. வழக்கமாக மாமா மாட்டியதும் அக்கா துணி கட்டிப் பார்ப்பார். அன்று நடைபாதை அடைத்திருந்தது; மாமாவே கிரேன் கூடையில் நின்றுதான் மாட்டினார். இருபதடி தள்ளி நின்று, இறக்கை சுற்றுவதைப் பார்த்து, சரி என்று அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டார். குளிரில் நாலு விசிறி கெட்டாலும் தெரியாது. வெயில் வந்து காட்டிக் கொடுத்தது.

மாமா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே மேலாளர் என்னையும் அனுப்பினார், கையில் ஒரு படிவத்தோடு. காரணம், பொறுப்பு, கையெழுத்து எல்லாம் அதில் வேண்டும். மோட்டாரைப் பழுது பார்த்த பட்டறைக்காரர்கள் ஒயர் நிறத்தை மாற்றிவிட்டார்களாம், அப்படியே எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது, உங்கள் இரண்டு பேருக்கும் வம்பில்லை என்று பரிவாகவே சொல்லி அனுப்பினார்.

ஐம்பத்தாறு படி. நான் வாடித்தான் போனேன். மேலே, அணைத்த நாலு விசிறிகளுக்கு நடுவே மாமா ஒயரை மாற்றிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் குத்துக்காலிட்டு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டே முக்காலுக்கு நாலும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அக்கா துணியைக் கட்டினார். அது ஒரு கணம் தொங்கியது, அப்புறம் விறைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தது. மாமா முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

கீழே போகலாம் என்றால் அக்கா அசையவில்லை. மூவரும் அங்கேயே நின்றோம். ரேடியோவில் என் கூட்டாளி கால் மணிக்கு ஒரு தரம் எண் சொன்னான். நானூற்றிருபத்திரண்டு. நானூற்று முப்பத்தொன்று. நாலேகாலுக்கு நானூற்று நாற்பத்து நாலு. அதோடு மேலாளரின் குரலும் வந்தது, குழாயைச் சுருட்டச் சொல்லிவிட்டேன் என்று. அக்கா கையுறையைக் கழற்றி, பக்கத்திலிருந்த தகட்டை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். "தப்பிச்சீங்கடி" என்றார். சந்தோஷத்தில் நானும் பக்கத்து விசிறியிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டேன். வெயிலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிறகுதான் படிவத்தை நீட்டினேன். மேலாளர் சொன்ன யோசனையையும் சொன்னேன். மாமாவுக்கு உயிர் வந்தது.

"அதானே, நிறத்தை மாத்தினது அவங்கதானே" என்றார்.

"மாத்தினது அவங்க. மாட்டினது நீங்க. பார்க்காம சரின்னது நான்" என்றார் அக்கா.

படிவத்தை உள்ளங்கையில் வைத்து, கோணல்மாணலாகத் தன் பெயரை முதல் வரியில் எழுதினார். சோதிக்காமல் கையெழுத்திட்டவர் என்று பக்கத்தில் குறித்தார். பேனாவை மாமாவிடம் கொடுத்தார். மாமா அதை வாங்கி, காகிதத்தை வைத்து எழுத இடம் தேடுகிற மாதிரி மேடையெங்கும் பார்த்தார். கைப்பிடிக் கம்பியோ உருண்டை, தொட்டால் சுடும். மேசை கீழே. எழுதிக்கொள்ளலாம், கீழே போய் எழுதிக்கொள்ளலாம் என்று முனகினார்.

அக்கா அவருக்கு முன்னால் போய்த் திரும்பி நின்றார். முழங்காலில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்து, மாமா எழுதி முடிக்கிறவரை தன் முதுகைக் கொடுத்தார்.