சொர்ணலதாவுக்கு வந்த வெள்ளைப் பூ

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைக் கொத்து வெட்ட ஆள் வேண்டுமென்றால் யாரைக் கேட்டாலும் சொர்ணலதாவைத்தான் சொல்வார்கள். தன் கூட்டத்துப் பெண்களோடு அவள் பந்தலுக்குள் நுழைந்தால் அவள் சிரிப்புச் சத்தம் அடுத்த தோட்டம் வரை கேட்கும். வயது ஐம்பது. பீடி வாடை பட்டாலே மூக்கைப் பொத்துவாள். அப்படிப்பட்டவளின் நெஞ்சைத் தேடிப் போய் உட்கார்ந்ததே அந்த நோய்! விதிக்குக் கண் உண்டென்று யார் சொன்னது?

தோட்டத்து வாய்க்காலில் வழுக்கி விழுந்தவள், விலா வலிக்கிறதென்று தேனியில் எக்ஸ்ரே எடுத்தாள். விலாவுக்கு ஒன்றுமில்லை. வலது நுரையீரலில்தான் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. மதுரையில் அந்தப் புள்ளி இருந்த துண்டை வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை.

"அதான் எடுத்தாச்சுல்ல? பெறகென்ன, வெட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டாள்.

டாக்டர் அபிதா சிரித்தார். "கொஞ்சம் பொறுங்கம்மா. எடுத்த கட்டியில என்னென்ன புரதம் கூடியிருக்குன்னு பாக்கக் குடுத்திருக்கோம். சிலது கூடியிருந்தா நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தா மருந்து ஏத்திக்கணும். இல்லேன்னா அப்பப்ப வந்து காட்டிட்டுப் போனாப் போதும்."

முடிவு வரச் சில வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரங்களில் சொர்ணலதா சிரிக்கவே இல்லை. சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பாள். அவள் கணவர் ஒச்சாண்டிக்கு அந்த மௌனம்தான் தாங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவளே சொன்னாள். "ஆத்தா கோயில்ல பூக்கேட்டுப் பாத்துருவோம். வெள்ளை வந்தா மருந்து வேணாம். செவப்பு வந்தா ஏத்திக்கிறேன்."

பொண்ணு பார்ப்பதிலிருந்து போர் போடுவது வரை அந்தக் குடும்பம் பூக்கேட்காமல் செய்ததில்லை. வெள்ளை அரளியை ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை இன்னொன்றிலும் மடித்து ஆத்தாள் முன்னால் போட வேண்டும். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். மற்றதை யாரும் பிரிப்பதில்லை. மடிக்கும் வேலை ஒச்சாண்டிக்கு. எடுத்தது பக்கத்து வீட்டுக் குட்டி திரிஷா.

வந்தது வெள்ளை!

போன சிரிப்பு அன்றைக்குத் திரும்பி வந்தது. சொர்ணலதா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். ஒச்சாண்டி மட்டும் ஏனோ சரியாகச் சாப்பிடவில்லை.

மதுரையிலிருந்து அழைப்பு வந்தது. இருவரும் போய் உட்கார்ந்ததும் டாக்டர் அறிக்கையைப் பிரித்தார். "அம்மா, நாங்க பயந்த புரதங்க கூடுதலாத்தான் இருக்கு. இந்தப் பரிசோதனை புதுசு. அதனால கட்டியோட அளவையும் சேத்துத்தான் யோசிச்சோம். மருந்து ஏத்திக்கறதுதான் நல்லது."

"வேணாம் டாக்டரம்மா. கோயில்ல பூக்கேட்டோம், ஆத்தா வேணாம்னுட்டா."

"மேகம் கட்டினா திராட்சை இலையில நோய் விழுறதுக்கு முன்னாடியே மருந்தடிக்கிறீங்கள்ல?"

"மேகம் கட்டுன அன்னைக்கெல்லாம் மழையா பேஞ்சிருக்கு?"

சொர்ணலதா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க, போவோம்."

ஒச்சாண்டி எழவில்லை. ஒரு பக்கம் மனைவியின் உயிர். மறுபக்கம் அவளிடம் காப்பாற்றி வைத்திருந்த மானம்.

"ரெண்டுலயும் வெள்ளைதான் புள்ள வச்சேன்."

"எதுல?"

"பொட்டலத்துல."

சொர்ணலதா பையோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"யோவ்! சாமிகிட்டயே கள்ள ஓட்டுப் போட்டியா?"

"நீ சிரிக்காம வீடு சுடுகாடு மாதிரி இருந்துச்சு. ஆத்தாளாச்சும் நல்ல வார்த்தை சொல்லட்டும்னுதான்..." அந்த முரட்டு மனிதரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "இப்பிடி ஆகும்னு நெனக்கலையே."

பையாலேயே அவர் தோளில் ஒன்று வைத்தாள். இன்னொன்றுக்கு ஓங்கிய கை பாதியில் நின்றது. அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை.

"வேணும்னா இன்னொரு தடவை பூக்கேட்டுட்டு வாங்க. நான் காத்திருக்கேன்," என்றார் டாக்டர் மெதுவாக.

"எதுக்கு? இந்த மனுசன் இந்தத் தடவை ரெண்டுலயும் செவப்ப வச்சிருவாரு!" சொர்ணலதா மறுபடி உட்கார்ந்தாள். "ஏத்துங்கம்மா. ஏத்துனா திரும்பி வராதுல்ல?"

"வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது. வர வாய்ப்பைக் குறைக்கலாம்."

"பொய் சொல்லாம ஒரு ஆளாச்சும் பேசுறீகளே. அது போதும்."

"முடி கொஞ்சம் கொட்டலாம்மா."

"அப்ப நானும் ஆத்தாளுக்கு மொட்டை போட்டுக்கிறேன் புள்ள," என்றார் ஒச்சாண்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஒங்க தலையில செரைக்க என்ன இருக்கு? செஞ்ச தப்புக்கு மீசையக் குடுங்க."

ஒச்சாண்டியின் கை தானாக மீசைக்குப் போனது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்த்த மீசை. ஊர்த் திருவிழாவில் அதற்கென்று தனி மரியாதை உண்டு.

முதல் மருந்து ஏற்றும் நாள். படுக்கையில் சொர்ணலதா கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். கையில் ஊசி இறங்கப் போகும் நேரம், கதவருகே யாரோ தயங்கி நிற்பது தெரிந்து கண்ணைத் திறந்தாள். மழமழவென்று ஒரு முகம், வெட்கத்தில் குனிந்தபடி.

"நர்சம்மா, யாரு இந்த ஆளு? ஆம்பள வார்டு அங்கன இருக்குன்னு சொல்லுங்க!"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கை குலுங்கியது. நர்ஸ் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, சிரிச்சு முடிங்க, குத்துறேன்," என்று காத்து நின்றாள்.