பத்துப் பொய்ச் சொற்கள்

ஜீப்பில் வந்து இறங்குகிறவர்கள் கையில் தாள் இருந்தால் எங்கள் அப்பாவுக்கு ஆகாது. எங்கள் மலையூரான கிளாவரைக்கு அப்படி வந்தவர்கள் நிலத்தை அளந்திருக்கிறார்கள், இல்லை காட்டை அடைத்திருக்கிறார்கள். நான் நான்காம் வகுப்புப் படித்தபோது வந்த மேடம் பிள்ளைகளையே அளக்க வந்திருந்தார். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தால் மண்டையில் ஏறும் என்று ஆராய்ச்சியாம். பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றதும் அப்பாவின் முகம் மாறிவிட்டது.

“வாசிக்கத் தெரியாத பிள்ளைகள என்ன சார் செய்வாக?”

“ஒண்ணும் செய்யமாட்டாக. தனியா ஒக்கார வச்சுச் சொல்லிக் குடுப்பாக” என்றார் தலைமையாசிரியர்.

ஊரே போட்டதால் அப்பாவும் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “கிறுக்குப் பிள்ளைகன்னு எழுதி எங்கிட்டாச்சும் ஹாஸ்டல்ல தள்ளிருவாக, பாத்துக்க” என்றார். பூண்டு உரித்துக்கொண்டிருந்த நான் கையை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஐந்தாம் வகுப்பில் இருந்த என் அண்ணனுக்கு வாசிக்க வராது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். தினமும் மாலையில் நான் அவன் பாடத்தைச் சத்தமாக வாசிப்பேன். ஒரு தடவை காதில் விழுந்தால் அவனுக்குப் போதும். மறுநாள் புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வரி பிசகாமல் ஒப்பித்துவிடுவான்.

மேடம் முதலில் எங்கள் வகுப்பைக் கூப்பிட்டார். பிஸ்கட் கொடுத்தார். சும்மா பிஸ்கட் கொடுக்கிறவரை எப்படி நம்புவது? பிறகு ஓர் அட்டையை நீட்டினார். கபுடி, நெலாமு, தொசகை என்று பத்துச் சொற்கள். ஒன்றுக்கும் அர்த்தம் கிடையாது. மனப்பாடம் செய்தவர்கள் மாட்டிக்கொள்ளட்டும் என்றே இல்லாத சொற்களாகப் பார்த்துப் பிடித்து வைத்திருக்கிறார் என்று தோன்றியது. நன்றாக வாசித்தேன். அட்டையை மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு வாங்கி, வரிசையாக மனதில் ஏற்றிக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டின்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அண்ணனை உட்காரவைத்தேன்.

“இதெல்லாம் என்னா வார்த்த?” என்றான்.

“பொய் வார்த்தண்ணே. வெரசா சொல்லு.”

மூன்றாவது தடவையில் பத்தும் வந்துவிட்டன. எல்லா வகுப்புக்கும் அதே அட்டைதான். அண்ணன் அட்டையைப் பார்த்துப் பார்த்து ஒப்பித்தான். மேடம் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தாராம். அன்றிரவு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் எங்கள் ஊருக்கு ஒரு டீச்சர் வந்தார். அட்டையை வாசிக்க முடியாமல் மேடத்தின் பட்டியலில் ஏறிய ஆறு பிள்ளைகளைத் தனி அறையில் உட்காரவைத்து, களிமண்ணில் எழுத்துகளைச் செய்யச் சொல்லி, ஒவ்வொன்றின் ஒலியையும் மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார். யாரையும் எங்கும் தள்ளவில்லை. அந்த ஆறு பேரும் இன்று செய்தித்தாள் வாசிக்கிறார்கள். அண்ணன் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான். கொடைக்கானலில் ஜீப் ஓட்டுகிறான். எனக்கு அவனிடமிருந்து வருவதெல்லாம் குரல் பதிவுகள்தான். கேட்கும்போதெல்லாம் என்மேல் எனக்கே ஆத்திரம் வரும்.

அந்த முதல் சனிக்கிழமை ஊர்ப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“வாண்ணே. ஒன்னயும் உள்ள புடிச்சுப் போட்டுருவாக.”

இழுக்க இழுக்க அவன் ஏன் கம்பியை விடவில்லை என்று அன்றைக்கு எனக்கு விளங்கவேயில்லை.