ஆனந்தபாய் அகலமாக்கிய கோணிப்படி

உதியன்குளங்கரை முக்கில் ஆனந்தபாயின் தையல் வகுப்பு மாடியில் நடந்தது. வெளிச்சம் அங்கேதான் உண்டு; மெஷின்களும் அங்கேதான். ஏறிப்போக ஒரு கோணிப்படி, பேருக்குத்தான் படி, பார்த்தால் ஏணி. பலகையில் பாதிப் பாதம்தான் நிற்கும். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மாமனார் தேங்காய் போட்டுவைக்கக் கட்டிய மாடி அது. தேங்காய்க்கு அவ்வளவு போதும்.

தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ஊரே கொதித்துக்கொண்டிருந்த ஐம்பத்துநான்கில், சாயங்கால வகுப்பு முடிந்ததும் அவள் கணவன் ராஜதாஸும் கூட்டாளிகளும் அந்த அறையில் கூடிப் பேசுவார்கள். ஒருநாள் ஆனந்தபாய் சாயாத் தட்டோடு பாதிப் படி ஏறியிருந்தாள். "போலீஸ் ஜீப்பு!" என்று தெருவில் யாரோ கத்தினார்கள். மேலே இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே பாய்ச்சலில் இறங்கினார்கள். ஒதுங்க இடமில்லை. தட்டோடு கீழே விழுந்தாள். வந்தது அரிசி லாரி.

முழங்கால் முட்டுச் சிரட்டை உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபிறகும் கால் முழுசாக மடங்கவில்லை. பெண்கள் வந்து வந்து திரும்பிப் போனார்கள். மெஷின்கள் மேலே தூசி பிடித்துக்கொண்டிருக்க, கீழே உட்கார்ந்திருப்பது அவளுக்கு முட்டுவலியைவிடப் பெரிய வலியாக இருந்தது.

"இந்தப் படிய இடிச்சு அகலமா கட்டப் போறேன்" என்றாள்.

ராஜதாஸ் தயங்கினான். "எல்லைக் காரியம் தீரட்டு ஆனந்தம். நாளைக்கு நம்ம தாலுகா மட்டும் சேராம, நாம மார்த்தாண்டம் பக்கம் மாற வேண்டி வந்தா கெட்டினது வெறுதே போவும்."

"தாலுகா எந்தப் பக்கம் போனாலும் மாடி மேலதான் இருக்கும். எனக்க வேலையும் அங்கதானாக்கும்."

"முன்னறையில பாதி போயிருமே. நீ விழுந்த பொறவு கூட்டம் அங்கதானே நடக்குது. வாற ஆளுவ எங்க இருப்பாவ?"

"படியில இருக்கட்டு. அந்த அளவுக்கு அகலமா கெட்டுவேன்."

என்னால் விழுந்தவள் என்ற நினைப்பு அவனுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது. மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவரப் போனான்.

கொத்தனார் பொன்னையன் வந்து பார்த்தார். "படி தாழ்வா வச்சா நீளம் கூடும் அக்கா. வாசலுக்கு வெளிய போயிரும்."

"பாதியில ஒரு தளம் போட்டு திருப்பும். நின்னு மூச்சு விடவும் ஆச்சு. அங்கண ஒரு ஜன்னலும் வையும்."

உயரத்தை வாயால் சொல்லி அவள் விடவில்லை. முற்றத்தில் வெட்டுகல்லைப் படிபோல அடுக்கவைத்து, வகுப்புப் பெண்களை ஒவ்வொருத்தியாக ஏறி இறங்கச் சொன்னாள். கூட்டத்தில் ரொம்பக் குள்ளமான தங்கபாய் துணிக்கட்டைச் சுமந்து ஏறினாள்.

"வலிக்குதா பிள்ளே?"

"ஏற ஒண்ணும் இல்ல அக்கா. எறங்கையிலதான் பயமா உண்டு."

உயரத்தை இன்னும் குறைக்கச் சொன்னாள். கடைசியில் தன் மடங்காத காலை வைத்து ஏறி, கட்டு அவிழாத முட்டு முனகாமல் இருந்த அளவில் நிறுத்தினாள். பொன்னையன் மேலே செம்மண் நிறத்தில் கண்ணாடிபோல மினுக்கித் தருகிறேன் என்றபோது, "மழைக்காலத்தில நனைஞ்ச காலோட வருவாவ. வெளிம்பு சொரசொரன்னு கெடக்கட்டு" என்றுவிட்டாள். இரண்டு பேர் எதிரெதிரே இடிக்காமல் போகும் அகலம்; சுவரோரம் பலாமரக் கைப்பிடி.

ஐம்பத்தாறு நவம்பரில் விளவங்கோடு சென்னை ராஜ்யத்துக்குப் போனது. உதியன்குளங்கரை இருந்த நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. ராஜதாஸ் வெளியே எங்கும் போகாமல் படியின் நடுத்தளத்தில் வந்து உட்கார்ந்தான். ஆனந்தபாய் கைப்பிடியைப் பிடித்து இறங்கிவந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"எல்லாம் போச்சு ஆனந்தம்."

"தெக்க உள்ளவங்களுக்குக் கெடச்சுதுல்லா? அதுக்கு நீங்களும் அடி பட்டவருதான்." அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நமக்குக் கெடைக்கல்ல. வருத்தம் எனக்கும் உண்டு. ஆனா நம்ம தமிழ்ப் பேச்ச யாரு பிடுங்கிட்டுப் போவா? இங்கணயே இருப்போம்."

அவன் அழுது முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் பெண்கள் தமிழும் மலையாளமும் கலந்து கலகலத்தபடி ஏறினார்கள். வீடு மாறுகிற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. பிற்பாடு சுற்றுவட்டாரத்தில் மாடி கட்டியவர்களிடம் பொன்னையன் முதலில் கேட்டது, "ஆனந்தபாய் அளவா, சாதா அளவா?" என்றுதான். முக்கால்வாசிப் பேர் அவள் அளவையே கேட்டார்கள்.